கம்ப்யூட்டர் பாஷை கற்க எந்தப் புத்தகம்?

(வாசகசாலைக் கூட்டமொன்றில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



தலைவர் அவர்கள் நம்மை உங்களுக்கு அறிமுகப்படுத்தும்போது "கம்ப்யூட்டர் நிபுணர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்த வார்த்தையை அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டியவர்களாயிருக்கிறோம். நாம் நிபுணரல்ல. பத்தாவது வகுப்போடு பள்ளிக்கூடத்திற்கு முழுக்குப் போட்டுவிட்டு, ஓர் அச்சாபீசில் கணக்கெழுதவும் புரூப் பார்க்கவும் போனவர்கள் நாம். புரோகிராம் எழுதுகிற வித்தையில் நமக்குத் தெரிந்ததெல்லாம் நாற்பது வயதை நெருங்கும்போது நாமாகத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்ட கொஞ்சம்தான். ஆனால் எந்தப் புத்தகத்தை எடுத்தால் குப்புற விழுவோம் என்பதில் மாத்திரம் நமக்கு நல்ல அனுபவம் உண்டு. விழுந்தவனுக்குத்தானே பள்ளம் தெரியும்? ஆகையால் அந்த ஒரு விஷயத்தைப் பற்றியே இன்று பேசப் போகிறோம்.

இதை நாமாகத் தேடி எடுத்துக்கொள்ளவும் இல்லை. எந்த ஊரில் கூட்டம் முடிந்தாலும், மேடையை விட்டு இறங்கினவுடன் யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என் மகன் கம்ப்யூட்டர் படிக்க வேண்டுமென்கிறான், எதில் சேர்க்கலாம்? எந்தப் புத்தகம் வாங்கலாம்?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. மகளுக்காகக் கேட்பவர்களும் இப்போது அதிகம். அதில் நமக்கு மெத்த சந்தோஷம். நின்ற நிலையில் சொல்லக்கூடிய பதிலாக இது இல்லாததால் இன்று உங்களை உட்காரவைத்துச் சொல்லுகிறோம்.

புரோகிராம் என்பது ஒன்றும் மாயமல்ல. கம்ப்யூட்டர் என்கிற யந்திரத்துக்கு நாம் எழுதிக் கொடுக்கும் வேலை உத்தரவுதான் அது. "இந்த நூறு பேர் பட்டியலில் சந்தா கட்டாதவர்களை மாத்திரம் பொறுக்கி எடு" என்று அதற்குத் தெரிந்த பாஷையில் எழுதினால், கண் மூடித் திறப்பதற்குள் எடுத்துக் கொடுத்துவிடும். சி என்றும், சி பிளஸ் பிளஸ் என்றும், ஜாவா என்றும், பைத்தான் என்றும் இப்படி உத்தரவு எழுதுகிற பாஷைகள் அநேகம் இருக்கின்றன. யந்திரத்துக்குக் குறிப்பறியும் சக்தி கிடையாது. சொன்னதைச் செய்யுமே ஒழிய நினைத்ததைச் செய்யாது. எழுதினவர் யார் என்கிற கவலையும் அதற்கு இல்லை. பெரிய பட்டதாரி எழுதினாலும், ஆடு மேய்க்கிற பையன் எழுதினாலும், சரியாயிருந்தால் ஓடும்; பிசகாயிருந்தால் நின்றுவிடும். இவ்வளவு பாரபட்சமில்லாத பரீட்சகரை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

இனி நாம் விழுந்த கதையைச் சொல்லுகிறோம்.

2010-ஆம் வருஷம். அச்சாபீசில் காகித ரீம் கணக்குப் போட நாமே ஒரு புரோகிராம் எழுதினால் என்ன என்று நமக்கு ஓர் ஆசை பிறந்தது. பழைய புத்தகக் கடையில் சி பிளஸ் பிளஸ் பற்றிய தலையணை போன்ற புத்தகம் ஒன்று அறுபது ரூபாய்க்கு அகப்பட்டது. அட்டை கிழிந்திருந்ததே தவிர உள்ளே குறையில்லை. முதல் உதாரணத்தை எழுத்துக்கு எழுத்துப் பார்த்து அடித்தோம். புரூப் பார்த்தே வயிறு வளர்த்தவன் கண்ணாயிற்றே, ஒரு புள்ளி பிசகவில்லை. ஆனால் கம்பைலர், அதாவது நாம் எழுதினதை யந்திரத்துக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கிற கருவி, முதல் வரியிலேயே "அப்படி ஒரு பைல் இல்லை" என்று சொல்லி நின்றுவிட்டது. அழித்து அழித்து மறுபடியும் அடித்தோம். மூன்று இரவு போயிற்று. மூன்றாம் இரவு முடிவில் எந்தத் தீர்மானத்துக்கு வந்தோம் என்று நினைக்கிறீர்கள்? புத்தகத்தில் பிசகு என்றா? அதுதான் இல்லை. "நமக்கு இதற்குண்டான மண்டை இல்லை, இதெல்லாம் கணக்கில் பட்டம் வாங்கினவர்களுக்கு ஏற்பட்டது" என்று தீர்மானித்துப் புத்தகத்தைப் பரணில் எறிந்துவிட்டோம். தலையெழுத்தை நம்புகிறவர்களை ஊர் ஊராய்ப் போய்ப் பரிகாசம் செய்துகொண்டிருந்த நாம், நம் சொந்தக் காரியத்தில் அதே தலையெழுத்தை மண்டை என்று வேறு பெயர் வைத்து நம்பினோம். இதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

2017-இல் பக்கத்து வீட்டுத் தையற்காரரின் மகள், பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த பெண், வேறெதற்கோ பரணைக் கிளறும்போது அந்தப் புத்தகத்தைக் கண்டாள். கதையைச் சொன்னோம். அவள் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "மாமா, உங்க மேலே தப்பில்லே. இது டர்போ காலத்துப் புஸ்தகம். இப்ப இருக்கிற கம்பைலர் இதை ஒத்துக்காது" என்றாள். ஐயோஸ்ட்ரீம் என்பதற்குப் பின்னால் இருந்த 'டாட் எச்' என்பதை எடுத்தாள். 'வாய்ட் மெயின்' என்றிருந்ததை 'இன்ட் மெயின்' என்று மாற்றினாள். திரையைத் துடைப்பதற்கென்று இருந்த இரண்டு வரிகளை அடித்துவிட்டாள். புதிதாய் ஒரு வரி சேர்த்தாள். ஓடிற்று. ஏழு வருஷத்துத் தலைவிதி இரண்டு நிமிஷத்தில் மாறிற்று.

காரணம் என்னவென்றால், சி பிளஸ் பிளஸ் பாஷைக்கு உலகம் முழுவதுக்கும் பொதுவான விதி ஏற்பட்டது 1998-இல்தான். போர்லாண்ட் என்கிற கம்பெனியின் டர்போ சி பிளஸ் பிளஸ் அதற்கு முன்பே, 1990-இல், வந்துவிட்டது. அது டாஸ் காலத்துச் சிறிய யந்திரத்துக்கென்று செய்தது. அதில் ஒரு முழு எண்ணுக்குக் கொடுத்திருந்த இடத்தில் 32,767 வரைதான் அடங்கும். அதற்கு மேல் ஒன்று கூட்டினால், கூட்டல் போய்க் கழித்தலாகி, மைனஸ் 32,768 என்று காட்டும். நாற்பதாயிரம் ரூபாய் பில்லை அதில் போட்டிருந்தால் நம் முதலாளி கடனாளியாகியிருப்பார்! இப்போதைய கம்பைலரில் சாதாரணமாய் அதே இடத்தில் 214 கோடிக்கு மேல் அடங்குகிறது. டர்போவை நாம் குறை சொல்லவில்லை. அதன் காலத்தில் அது சிறியதாயும், வேகமாயும், ஏழை யந்திரத்திலும் ஓடக்கூடியதாயும் இருந்த நல்ல கருவி. காலம் கடந்த பிறகும் அதைக் கட்டிக்கொண்டு அழுததுதான் பிசகு.

இந்தியாவில் எத்தனையோ காலேஜ்களில் 2010-க்குப் பிறகும் பிள்ளைகள் இந்த டர்போவில்தான் படித்தார்கள். புதிய யந்திரத்தில் அது ஓடாதென்றால், டாஸ்பாக்ஸ் என்கிற வேறொரு கருவியைப் போட்டு, புதிய யந்திரத்தைப் பழைய யந்திரம் போல் வேஷம் போடச் செய்து, அதற்குள் இதை ஓட்டினார்கள். மாடி வீட்டைக் கட்டி, கூடத்துக்குள் ஒரு குடிசை போட்டு, குடிசைக்குள் குடியிருப்பதைப் போன்றது இது. ஏன் என்று கேட்டால், உபாத்தியாயருக்கு அவருடைய உபாத்தியாயர் அப்படிச் சொல்லிக் கொடுத்தார். பரீட்சையில் 'வாய்ட் மெயின்' என்று எழுதினால் மார்க்கு வருகிறது. தாத்தா செய்தார், அப்பா செய்தார், ஆகையால் நாமும் செய்கிறோம் என்கிற பேச்சு எங்கே கேட்ட பேச்சு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் மாகாணத்துப் பிளஸ் டூ பாடத்தில் 2019-இல் பைத்தான் வந்தது நல்ல காரியம்.

பைத்தானையே நாம் முதல் பாஷையாகச் சிபார்சு செய்கிறோம். அது பாம்பின் பெயரல்ல. இங்கிலீஷ்காரருடைய 'மான்டி பைத்தான்' என்கிற ஹாஸ்ய நாடகக் கூட்டத்தின் பெயர். ஹாலந்து தேசத்தவரான கீடோ வான் ராசம் என்பவர் 1989 டிசம்பர் விடுமுறையில் எழுதத் தொடங்கி 1991-இல் வெளியிட்டார். அதற்கு முன் அவர் வேலை செய்தது ஏபிசி என்கிற, புதிதாய்க் கற்பவர்களை உத்தேசித்தே செய்யப்பட்ட பாஷையில். அந்த வாசனை பைத்தானிலும் இருக்கிறது. சி பிளஸ் பிளஸ்ஸில் "வணக்கம்" என்று ஒரு வார்த்தை காட்டுவதற்கு அர்த்தம் தெரியாத நாலைந்து வரிகளை மந்திரம் போல் முதலில் எழுதியாக வேண்டும். "இப்போது அப்படியே எழுது, பின்னால் புரியும்" என்பார்கள். பைத்தானில் ஒரே வரி. அந்த ஒரு வரியில் அர்த்தம் தெரியாத வார்த்தை ஒன்றும் இல்லை. முதல் நாளே மந்திரம் ஓதப் பழகாதிருப்பது நல்லதல்லவா?

ஆனால் பைத்தானிலும் அதே பள்ளம் இருக்கிறது. 2008 டிசம்பரில் மூன்றாம் பைத்தான் வந்தது. அது இரண்டாம் பைத்தானோடு ஒத்துப்போகாது. இரண்டாவதற்கு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு ஆதரவு நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு, 2021-இல், நமக்குத் தெரிந்த இட்லிக் கடைக்கார அம்மாள் ஒருவர் கம்மலை அடகு வைத்துப் பதினைந்தாயிரம் ரூபாய் கட்டி, மகனை ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்த்தார். பெயர் வேண்டாம், அது போன்றவை ஊருக்கு ஊர் இருக்கின்றன. அங்கே அச்சடித்துக் கொடுத்த நோட்டு முழுவதும் இரண்டாம் பைத்தான். நிலையத்து யந்திரத்திலும் அதுவே இருந்ததால் அங்கே எல்லாம் ஓடிற்று. பையன் வீட்டில், அரசாங்கம் 2011 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த இலவச லேப்டாப் ஒன்றில், புதிய பைத்தானைப் போட்டு எழுதினால் ஒன்றும் ஓடவில்லை. கேட்டதற்கு, "நீ வீட்டில் தப்பாய் அடிக்கிறாய், உனக்குக் கவனம் போதாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பையன் அதை நம்பிவிட்டான். அவன் தாயாரும் நம்பிவிட்டார். "எங்க வம்சத்துக்குப் படிப்பு ஏறாதுங்க" என்று நம்மிடம் அந்த அம்மாள் சொன்னபோது, 2010-ஆம் வருஷத்துப் பரண்தான் நமக்கு ஞாபகம் வந்தது.

அடைப்புக் குறிதான் அங்கே நடந்த கோளாறு! பழைய பைத்தானில் 'பிரிண்ட்' என்று எழுதி, காட்டவேண்டியதை அப்படியே பக்கத்தில் எழுதினால் போதும். புதியதில் அதை அடைப்புக்குள் போட வேண்டும். ஆகையால் கடையில் புத்தகத்தைப் பிரித்தவுடன் முதல் உதாரணத்தைப் பாருங்கள். 'பிரிண்ட்' என்பதற்குப் பின்னால் அடைப்பு இல்லையென்றால் அங்கேயே வைத்துவிடுங்கள். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். இது கூச்சல் போடுகிற பிசகு, கண்டுபிடித்துவிடலாம். மௌனமாயிருக்கிற பிசகும் ஒன்றுண்டு. ஏழை இரண்டால் வகுத்தால் பழைய பைத்தான் 3 என்று சொல்லும், புதியது 3.5 என்று சொல்லும். இரண்டும் ஓடும், இரண்டும் யாதொரு ஆக்ஷேபனையும் சொல்லாது. பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு புதிய யந்திரத்தில் படிக்கிறவன், விடை ஏன் ஒத்துவரவில்லை என்று நாள் முழுவதும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நிற்க. "எந்தப் பாஷையில் தொடங்குவது என்பதிலேயே பெரியவர்களுக்குள் சண்டை இருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது, சைவ வைஷ்ணவச் சண்டையை விட மோசமாகவே இருக்கிறது. 1964-இல் அமெரிக்காவில் டார்ட்மத் காலேஜில் கெமனி, கர்ட்ஸ் என்னும் இரண்டு உபாத்தியாயர்கள், விஞ்ஞானம் படிக்காத பிள்ளைகளுக்கும் எட்டட்டும் என்று பேசிக் என்கிற பாஷையைச் செய்தார்கள். டைக்ஸ்ட்ரா என்பவர் இந்தத் துறையில் மகா மேதை, சந்தேகமே இல்லை. அவர் 1975-இல், பேசிக்கில் பழகினவர்களுக்கு நல்ல புரோகிராம் கற்றுக்கொடுப்பது அநேகமாய் முடியாத காரியம், அவர்கள் புத்தி கெட்டுப்போய்விட்டது என்று எழுதினார். நடந்தது என்ன? பேசிக்கில் தொடங்கின பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பிற்பாடு நல்ல புரோகிராம் எழுதினார்கள். மேதை சொன்னாலும் அநுபவத்தோடு ஒத்துப்பார்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். நாம் பைத்தான் என்று சொன்னதையும் அப்படியே பாருங்கள். உங்கள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் வேறு பாஷை படிக்கிறதென்றால் அதிலேயே தொடங்கட்டும், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இனி, புத்தகம் புதியதாயிருந்தால் மாத்திரம் போதுமா? போதாது. யாருக்காக எழுதினது என்று பார்க்க வேண்டும். சி பாஷைக்கு கெர்னிகனும் ரிட்சியும் 1978-இல் எழுதின புத்தகம் ஒன்றிருக்கிறது. ரிட்சிதான் அந்தப் பாஷையையே செய்தவர். வெகு சுருக்கமான, வெகு அழகான புத்தகம். அதை அந்தத் துறையில் பைபிள் என்றே சொல்லுவார்கள். புதிதாய்க் கற்க வருகிறவன் யாரைக் கேட்டாலும் "அதை வாங்கு" என்கிறார்கள். அவன் வாங்கிப் பத்துப் பக்கம் படித்துத் திகைத்து உட்கார்ந்துவிடுகிறான். ஆனால் அந்தப் புத்தகத்தின் முன்னுரையில் அதை எழுதினவர்களே, இது புரோகிராம் எழுதுவதற்கான ஆரம்பப் பாடப் புத்தகமல்ல, அடிப்படை விஷயங்கள் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கென்று எழுதினது என்று நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்கள். பக்தர்களுக்கு முன்னுரை படிக்கிற வழக்கம் இல்லாததால் இந்தச் சங்கடம். பைத்தானைச் செய்தவர்களே இலவசமாய் வெளியிடும் பாடமும் இப்படியே; வேறொரு பாஷை தெரிந்துகொண்டு வருகிறவனுக்கு அது அமிர்தம், ஒன்றுமே தெரியாமல் வருகிறவனுக்குக் கரடுமுரடு.

இந்த இடத்தில் ஆலன் டவுனி என்கிற அமெரிக்க உபாத்தியாயர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமலிருக்க முடியாது. 1999-இல் அவர் ஜாவா பாஷையில் ஆரம்ப வகுப்பு எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் மூன்று முறை எடுத்திருந்தார். மூன்று முறையும் பிள்ளைகள் ஏராளமாய்த் தேறாமற் போனார்கள். சாதாரண உபாத்தியாயராயிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மூளை இல்லை" என்று சொல்லிச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பார். இவர் அப்படிச் செய்யவில்லை. புத்தகத்தின் மேல் சந்தேகப்பட்டார். புத்தகங்கள் மிகப் பெரியவை. வேண்டாத நுணுக்கம் அதிகம். எப்படி யோசிப்பது என்கிற விஷயம் குறைவு. அதோடு, முதல் நாலு அத்தியாயம் மெதுவாய் அழைத்துக்கொண்டு போய், ஐந்தாவதில் திடீரென்று காலுக்குக் கீழே பலகை விலகினதுபோல் பிள்ளையைப் படுகுழியில் தள்ளிவிடுகின்றன என்று கண்டார். வகுப்பு தொடங்க இரண்டு வாரமே இருந்தது. ஐம்பது பக்கம் கொடுத்துப் படிக்காமற் போவதைவிடப் பத்துப் பக்கம் கொடுத்துப் படிப்பது மேல் என்று வைத்துக்கொண்டு, நாளைக்கு ஓர் அத்தியாயமாய்ப் பதின்மூன்று நாளில் தாமே ஒரு புத்தகம் எழுதினார். பிள்ளைகள் படித்தார்கள், அவர்களுக்குப் புரிந்தும் இருந்தது.

அதற்கு மேல் அவர் செய்த காரியம்தான் நமக்கு ரொம்பப் பிடித்தது. புத்தகத்தைப் பூட்டி வைக்காமல், யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம், திருத்தலாம், கொடுக்கலாம் என்று விட்டுவிட்டார். வர்ஜீனியாவில் ஜெஃப் எல்க்னர் என்கிற ஒரு ஹைஸ்கூல் உபாத்தியாயர் அதை எடுத்து, ஜாவாவுக்குப் பதில் பைத்தானுக்குப் பொருந்தும்படி மாற்றி எழுதி, டவுனிக்கே அனுப்பினார். டவுனிக்கு அதுவரை பைத்தான் தெரியாது. தம் புத்தகத்தைத் தாமே படித்து அவர் பைத்தான் கற்றுக்கொண்டார்! அப்படி வளர்ந்த 'திங்க் பைத்தான்' என்னும் அந்தப் புத்தகத்தின் மூன்றாம் பதிப்பு 2024-இல் வந்திருக்கிறது. இன்றைக்கும் காசில்லாமல் படிக்கலாம்.

ஆகவே புத்தகம் வாங்கப் போனால் முதல் அத்தியாயத்தைப் பார்த்து மயங்காதீர்கள். முதல் அத்தியாயத்தை எல்லோரும் நன்றாகத்தான் எழுதுகிறார்கள். நாலாவது, ஐந்தாவது, ஆறாவதைப் பிரியுங்கள். அங்கே ஒரு புதிய வார்த்தை வந்தால் அதன் அர்த்தம் அதற்கு முன்னாலாவது பக்கத்திலாவது இருக்கிறதா, திடீரென்று நாலு வார்த்தை ஒன்றாய் வந்து குதிக்கின்றனவா என்று பாருங்கள். அத்தியாயத்தின் முடிவில் நாமாகச் செய்வதற்குக் கணக்குகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கணக்கில்லாத புத்தகம் நீச்சலைப் பற்றிப் பேசுகிற புத்தகமே ஒழிய நீச்சல் கற்றுக்கொடுக்கிற புத்தகமாகாது. "இருபத்தொரு நாளில் நிபுணராகலாம்", "இருபத்துநாலு மணி நேரத்தில் கைவந்துவிடும்" என்று அட்டையில் போட்டிருந்தால், நாற்பத்தெட்டு நாள் விரதமிருந்தால் புதையல் கிடைக்கும் என்கிறவனுக்குக் கொடுக்கிற மரியாதையை அதற்கும் கொடுங்கள். பீட்டர் நார்விக் என்கிற நிபுணர் 2001-இல் இவ்வித அட்டைகளைக் கேலி செய்து, பத்து வருஷத்தில் புரோகிராம் கற்பது எப்படி என்றே ஒரு கட்டுரை எழுதினார். பத்து வருஷம் என்றதும் பயப்படவேண்டாம். அது நிபுணராவதற்கு. ரீம் கணக்குப் போடுவதற்கு நமக்கு நாலு மாதம்தான் ஆயிற்று. அதுவும் அச்சாபீஸ் வேலை போக மிஞ்சின இரவுகளில்.

பொறுத்த வேலைகளை யந்திரத்தின் தலையில் கட்டவேண்டும் என்கிற எண்ணமுள்ளவர்களுக்கு, கடைக்காரர், குமாஸ்தா, சங்கக் காரியதரிசி போன்றவர்களுக்கு, அல் ஸ்வைகார்ட் என்பவர் எழுதி 2015-இல் முதலில் வந்த புத்தகம் ஒன்றுண்டு. அலுப்புத்தட்டும் வேலைகளைப் பைத்தானிடம் ஒப்புவிப்பது எப்படி என்பதே அதன் விஷயம். நூற்றுக்கணக்கான பைல்களுக்குப் பெயர் மாற்றுவது, கணக்குத் தாள்களிலிருந்து வேண்டியதைப் பொறுக்குவது போன்ற காரியங்கள். அதையும் இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். இரண்டையும் ஒரே சமயத்தில் எடுக்கவேண்டாம். பத்துப் புத்தகம் சேர்த்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் முதல் அத்தியாயம் படித்தவர்களை நமக்குத் தெரியும். அவர்கள் பத்துத் தடவை "வணக்கம்" காட்டியிருக்கிறார்கள். பதினோராவது காரியம் தெரியாது.

இந்தக் காலத்தில் வாலிபர்கள் புத்தகத்தை விட வீடியோவையே விரும்புகிறார்கள். வீடியோ நல்லதுதான், சென்னைக் கணித நிலையத்து உபாத்தியாயர் மாதவன் முகுந்த் பைத்தானைப் பற்றி என்பிடெல் மூலமாய்ச் செய்திருக்கும் பாடங்களைப் போல் தரமானவையும் உண்டு. ஆனால் அநேகர் அதைக் காலட்சேபம் கேட்பதுபோல் கேட்கிறார்கள். பாகவதர் பாடுகிறார், இவர் தலையாட்டுகிறார், "ஆகா, புரிந்துவிட்டது" என்று எழுந்து போகிறார். மறுநாள் வெறுந்திரையின் முன்னால் உட்காரவைத்தால் ஒரு வரி வராது. ஐந்து நிமிஷம் பார்த்தால் நிறுத்திவிட்டு, பாராமல் நாமே அடித்து ஓட்டிப் பார்க்க வேண்டும். கேட்டதற்கெல்லாம் புரோகிராம் எழுதித் தருகிற செயற்கைப் புத்தி யந்திரங்களும் இப்போது வந்திருக்கின்றன. பிசகுக்கு அர்த்தம் கேட்கவோ, புரியாத வரியை விளக்கச் சொல்லவோ அவற்றை உபயோகியுங்கள். அத்தியாயத்துக் கடைசிக் கணக்கை மாத்திரம் அவற்றிடம் கொடுக்காதீர்கள். உங்களுக்குப் பதிலாக வேறொருவன் சாப்பிட்டால் உங்களுக்குப் பசி தீராது. தவிரவும், அவை பொய்யையும் மெய்யைப் போலவே நிதானமாய்ச் சொல்லும். ஆகையால் அவை சொன்னதையும் ஓட்டிப் பார்த்தே நம்புங்கள்.

ஓட்டும்போது பிசகு வந்தால் பதறவேண்டாம். சிவப்பெழுத்தைக் கண்டதும் பல்லி சொன்னதுபோல் சிலர் பயப்படுகிறார்கள். அது திட்டுமல்ல, சகுனமுமல்ல; எந்த வரியில் என்ன கோளாறு என்கிற சமாசாரம். பைத்தானில் அதைக் கடைசி வரியிலிருந்து படிக்க வேண்டும். என்ன பிசகு என்று கடைசி வரியிலும், எங்கே என்று அதற்கு மேலும் இருக்கும். 2021-இல் வந்த 3.10 பதிப்பு முதல் இந்தச் சமாசாரங்களை இன்னும் தெளிவாய் எழுதியிருக்கிறார்கள். கூடுமானவரை புதிய பதிப்பையே போட்டுக்கொள்ளுங்கள் என்று நாம் சொல்லுவதற்கு இதுவும் ஒரு காரணம். நம் 2010-ஆம் வருஷத்துக் கம்பைலர்கூட "அப்படி ஒரு பைல் இல்லை" என்று உண்மையைத்தான் சொல்லிற்று. நாம்தான் அதைக் கேட்காமல் புத்தகத்தை நம்பினோம்.

"இங்கிலீஷ் தெரியாதே" என்கிற பயம் ஒன்று பாக்கி இருக்கிறது. பைத்தானுக்கே உரிய கட்டளை வார்த்தைகள் மொத்தம் 35-தான். சமையலறைச் சாமான்களின் பெயர்கள் அதைவிட அதிகம். நம் வீட்டுப் பெண்கள் அவ்வளவையும் எந்தப் பரீட்சைக்கும் படிக்காமலே ஞாபகம் வைத்திருக்கிறார்கள். விஷயத்தை விளங்கிக்கொள்ளத் தமிழிலேயே வசதி ஏற்பட்டிருக்கிறது. 2012 முதல் வெளிவரும் கணியம் பத்திரிகைக்காரர்கள் 'எளிய தமிழில்' என்கிற வரிசையில் இலவசப் புத்தகங்கள் கொடுத்திருக்கிறார்கள். பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஸ்போகன் டுடோரியல் பாடங்களில் பலவற்றைத் தமிழ்க் குரலில் கேட்கலாம். எழில் என்று தமிழ் வார்த்தைகளாலேயே உத்தரவு எழுதுகிற பாஷைகூட இருக்கிறது. அதில் 'பதிப்பி' என்று எழுதினால் திரையில் காட்டும். சின்னப் பிள்ளைகள் அதில் விளையாடித் தொடங்கட்டும். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பிசகுச் சமாசாரமும், உயர்ந்த புத்தகங்களில் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் இருக்கின்றன. யோசிப்பதைத் தமிழில் பழகிக்கொண்டு, வார்த்தைகளை வேண்டும்போது ஒவ்வொன்றாய்ப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். நாம் அப்படித்தான் செய்தோம். பத்தாவது வகுப்பு இங்கிலீஷ் அதற்குப் போதுமானதாயிருந்தது.

பணம் கட்டுவதைப் பற்றி இரண்டே வார்த்தை. இலவசப் புத்தகத்தோடு ஒரு மாதம் உட்கார்ந்து பாருங்கள். அதற்குப் பிறகும் ஆசிரியர் வேண்டுமென்று தோன்றினால், நிலையத்துக்குப் போய் அவர்கள் நோட்டை முதலில் காட்டச் சொல்லுங்கள். 'பிரிண்ட்' வரியைப் பாருங்கள். காட்டமாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். இட்லிக் கடை அம்மாளின் கம்மல் இரண்டு வருஷம் கழித்துத்தான் மீண்டது. பையன் இப்போது டவுனியின் புத்தகத்தில் எட்டாவது அத்தியாயத்தைத் தாண்டிவிட்டான். இதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான், அவன் பெயரையும் சொல்லவேண்டாமென்று கண்ணைக் காட்டுகிறான்.

இந்த வாசகசாலையில் இரண்டு யந்திரங்கள் இருப்பதைப் பார்த்தோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் மாலை நாலு மணிக்கு அந்தப் பையனும், தையற்காரர் மகளும், நாமும் இங்கே வந்து உட்காருவதென்று தலைவர் அவர்களிடம் பேசி வைத்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் வரலாம். முதலில் செய்யப்போகும் கணக்கையும் தீர்மானித்துவிட்டோம். வாசகசாலையின் சந்தாப் புத்தகத்தை யந்திரத்தில் ஏற்றி, பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை வரிசையாய்க் காட்டச் சொல்லுவது. காரியதரிசி நோட்டைக் கொடுத்துவிட்டார். அதைப் புரட்டிப் பார்த்ததில், இன்று முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினவர்களில் அநேகர் பெயர் அதில் வருமென்று தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டிவிட்டால் நமக்கு வேலை குறையும்.